கொக்கியில் மாட்டிய துண்டு

இடக்கை என்று எல்லோரும் கூப்பிடுகிறவள் தன் ஓரகத்திக்குத் தரவேண்டிய பாக்கி எழுநூற்று நாற்பது ரூபாய். கேட்கிறவர்களுக்கு இதெல்லாம் ஒரு தொகையா என்று தோன்றும். மேலே விடுதியில் தங்குகிறவர்கள் சாயங்கால வெயிலைப் பார்த்துக்கொண்டே குடிக்கிற இரண்டு கோப்பைக் காப்பிக்கு அது சரியாய்ப் போய்விடும். ஆனால் விரிப்புக்கு நாலு ரூபாய், துண்டுக்கு இரண்டு ரூபாய் என்று துவைத்துப் பிழிந்து கூலி வாங்குகிறவளுக்கு அந்த எழுநூற்று நாற்பது, தினமும் ஏறி இறங்குகிற மலையைவிடச் செங்குத்து.

அன்றும் விடியுமுன்னே அவள் அலசுகிற தொட்டிக்குள் நின்றாள். பனி மரங்களின் இடுப்புவரை இறங்கியிருந்தது. தண்ணீர் முழங்கால் அளவு. முதலில் கால் வலிக்கும், பிறகு எரியும், அதற்கப்புறம் கால் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். மறந்த பிறகுதான் வேலை ஓடும். விடுதியின் பின்புறம், சமையல்கட்டுக்கும் சரிவுக்கும் நடுவில் கிடக்கிற சிமெண்டு முற்றத்தில் ஐந்து துவைகல், ஐந்து பெண்கள். ஈர விரிப்பு கல்லில் விழுகிற சத்தம் பள்ளத்தில் இறங்கி, எதிர்மலையில் முட்டித் திரும்பி வந்தது.

“அந்த மலையிலயும் நம்மள மாதிரி அஞ்சு முட்டாளுங்க இருக்காங்க போல. விடியறதுக்குள்ள ஆரம்பிச்சுட்டாங்க பாரு,” என்றாள் ரேடியோ.

காலையில் வாயைத் திறந்தால் படுக்கும்வரை மூடாததால் அவளுக்கு அந்தப் பெயர். அவளோடு சோடி சேர்ந்து பிழிகிற அவள் தங்கச்சி பேசவே மாட்டாள். அந்த வீட்டுக்கு அளந்து கொடுத்த பேச்சை அக்காவே தீர்த்துவிட்டாள் என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

“வாய்க்குக் குடுக்கற வேலைய கொஞ்சம் கைக்கும் குடுடி,” என்றாள் வாத்து. தண்ணீரிலேயே நின்று நின்று பாதம் பரந்துபோனவள். வீட்டில் கைக்குழந்தை.

“கைக்கு நாலு ரூபா தர்றாங்க. வாய்க்கு எவனும் தர்றதில்ல. அதான் இலவசமா ஓட்டறேன்.”

எல்லோரும் சிரித்தார்கள், மூத்தவளைத் தவிர. அவள்தான் இடக்கையின் ஓரகத்தி. கணவனின் அண்ணன் மனைவி. அவள் குனிந்தபடி விரிப்பின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விரல் கணுக்களில் வெடிப்பு வெடிப்பாய்ச் சிவப்பு. அந்தச் சிவப்பைப் பார்க்கும்போதெல்லாம் இடக்கை கண்ணைத் திருப்பிக்கொள்வாள். காரணம் அவளுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

விடுதியின் வாசலில் பெரிய மரப்பலகை ஒன்று உண்டு. ‘மலைக்கு வலிக்காத விடுதி’ என்று அதில் செதுக்கியிருக்கும். பொய் என்று சொல்லிவிட முடியாது. முன்பெல்லாம் கொட்டின சோப்புத்தூள் நுரை, சரிவில் இறங்கிக் கீழே வேலைக்காரர்கள் குடியிருப்புவரை போகும். குழந்தைகளுக்குச் சொறி வந்தது. ஓடையில் மீன் செத்து மிதந்தது. இப்போது தண்ணீரைக் கெடுக்காத சோப்பு வந்திருக்கிறது. மீன் திரும்பி வந்துவிட்டது. நல்ல சோப்புதான். ஆனால் அது நுரைக்காது. வெந்நீர் இருந்தால் கொஞ்சம் அழுக்கைப் பிடிக்கும். வெந்நீர் விருந்தாளிகளுக்கு மட்டும். ஆகவே முன்னே பத்து அடி அடித்த இடத்தில் இப்போது இருபது அடி. தோள்பட்டை கழன்று கையில் வந்துவிடும் போலிருக்கும். கூலி அதே நாலு ரூபாய்.

மலைப்பாதையில் வண்டி கிடையாது, புகை கிடையாது. அதுவும் நல்லதுதான். விருந்தாளிகளின் பெட்டிகளை மனிதர்கள் முதுகில் தூக்கி வருகிறார்கள். இடக்கையின் கணவனும் தூக்கினான். போன மழையில் பாசி பிடித்த படியில் சறுக்கி, பெட்டியோடு விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. ‘மழையில் கவனமாக நடக்கவும்னு போர்டு வெச்சிருக்கோமே’ என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள்.

அன்றைக்கு மூத்தவள் ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குப் போய், கூரைத் தகடு மாற்றச் சேர்த்து வைத்திருந்த டப்பாவை அப்படியே கொண்டுவந்து இடக்கையின் மடியில் கவிழ்த்தாள். எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. இடக்கைதான் எண்ணினாள். எண்ணி, மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாய்த் திருப்பிக் கொடுத்து, பாக்கி எழுநூற்று நாற்பதுக்கு வந்து நின்றபோது அந்த அட்டை வந்தது.

எல்லாக் குளியலறையிலும் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஓர் அட்டை. ‘துண்டைக் கொக்கியில் மாட்டினால் மறுபடி பயன்படுத்துவேன் என்று பொருள். தரையில் போட்டால் துவைக்க வேண்டும் என்று பொருள். ஒவ்வொரு துளியும் மலையின் துளி.’ விருந்தாளிகள் நல்லவர்கள். மாட்டினார்கள். படுக்கை விரிப்பும் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் என்றானது. அழுக்குத்துணி மூட்டை பாதியாய்ச் சுருங்கிவிட்டது. கூலியும் அதோடு சுருங்கியது. முற்றத்துக்கு வருகிற நேரமும் போகிற நேரமும் மட்டும் சுருங்கவில்லை.

ஒரு மழைநாள், மற்றவர்கள் முன்னாலேயே மூத்தவள் கேட்டுவிட்டாள்.

“வீட்டுல எட்டு இடத்துல ஒழுகுது. இருக்கற பாத்திரமெல்லாம் மழைக்கு வெச்சுட்டா நான் எதுலடி சமைக்கறது? பாக்கிய எப்போ தரப்போற?”

“உன் காசு எங்கேயும் ஓடிப்போயிடாது,” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள் இடக்கை.

சொன்ன சொல்லைப் பிழிந்தெடுக்க முடியுமா? மறுநாளிலிருந்து மூத்தவள் அவளோடு சோடி சேரவில்லை.

இதில் இன்னொரு சங்கதி உண்டு. விரிப்பைப் பிழிய இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து எதிரெதிராய் நின்று, ஒவ்வொருத்தியும் தன் வலப்பக்கமாகத் திருக வேண்டும். அப்போதுதான் இரண்டு முறுக்கும் ஒன்றையொன்று எதிர்த்துத் தண்ணீர் இறங்கும். இடக்கை பிறவியிலேயே இடது கைக்காரி. அவளுக்கு இடப்பக்கமாகத்தான் திருக வரும். அவள் ஒரு முனையைப் பிடித்தால் விரிப்பு பிழிபடாமல் கயிறுபோலச் சும்மா உருளும். யாரும் அவளோடு சோடி சேர மாட்டார்கள். வேலைக்கு வந்த புதிதில், திட்டித் திட்டியே மூத்தவள்தான் தன் கையை இடப்பக்கம் திருப்பப் பழக்கிக்கொண்டாள். வருஷக்கணக்காய் அப்படியே பிழிந்தாள். சண்டைக்குப் பிறகு அவள் வாத்தோடு சேர்ந்து வலப்பக்கம் திருகினாள். இடக்கைக்குத் துண்டுகள் மட்டும் மிஞ்சின. துண்டை ஒற்றை ஆளே பிழிந்துவிடலாம்.

துவைத்து முடித்ததும் அறைகளைக் கூட்டித் துடைப்பது இடக்கையின் வேலை. அங்கேதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. கொக்கியில் மாட்டியிருந்த துண்டை எடுத்துத் தரையில் போட்டாள். அவ்வளவுதான். திருட்டு இல்லை. யாருடைய பொருளும் எங்கேயும் போகவில்லை, கொக்கியிலிருந்து தரைக்கு வந்திருக்கிறது. அந்தத் துண்டுகளைத் தன் பங்கில் சேர்க்காமல், மூத்தவளின் மூட்டையில் செருகினாள். தினமும் பன்னிரண்டோ பதின்மூன்றோ. தன் பங்கில் சேர்த்துக் காசாக்கிக் கொடுத்தால், மூத்தவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இப்படியென்றால் தெரியாமல் போய்ச் சேரும். சொல்லாமல் கடனைக் கட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த மாதம் முழுக்க அப்படித்தான் ஓடியது. ஒருநாள் சாயங்காலம் குடியிருப்புக் குழாயடியில் குடத்தோடு நின்றாள். மலைச்சுனையிலிருந்து வருகிற ஒரே குழாய் முதலில் விடுதித் தொட்டிக்குப் போய், பிறகு துவைக்கிற முற்றத்துக்கு வந்து, மிச்சம்தான் குடியிருப்புக்கு இறங்கும். குழாயிலிருந்து பென்சில் பருமனில் தண்ணீர் வந்தது. பிறகு நூலானது. பிறகு சொட்டு. வாத்து குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பள்ளத்து ஓடைக்குக் குடத்தோடு இறங்குவதை இடக்கை பார்த்தாள். அந்தச் சொட்டில் தன் துண்டுகள் இருப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மூத்தவளின் கை வெடிப்பிலும் அதே துண்டுகள்தான்.

மறுநாளிலிருந்து அவள் எந்தத் துண்டையும் தொடவில்லை. ஆனால் அதற்குள் ஒரு விருந்தாளியம்மா அலுவலகத்தில் போய்ச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்: ‘நான் தினமும் கொக்கியில் மாட்டினேன், தினமும் புதுத் துண்டு வந்தது. உங்கள் அட்டை வெறும் நாடகமா?’

அதன் பலன்தான் அன்று காலை வந்து சேர்ந்தது.

வெயில் முற்றத்துக்கு வந்த நேரம். மத்தியானம் வரப்போகும் பெரிய குழுவுக்காக அடுத்த ஈடு விரிப்புகளைத் தொட்டியில் அலசி முடித்திருந்தார்கள். பிழிய வேண்டியதுதான் பாக்கி. மேனேஜர் ஓடி வந்தார்.

“எல்லாரும் வேலைய நிறுத்துங்க. முதலாளி வந்திருக்கார்.”

முதலாளி ஜீப்பில்தான் வருவார். வண்டி போகாத மலை என்று பேரே தவிர, பின்பக்கம் சாமான் ஏற்ற ஒரு மண்பாதை உண்டு. கடைசி வளைவில் இறங்கி, அங்கேயிருந்து கைத்தடியோடு நடந்து வருவார். விருந்தாளிகள் பார்த்துக் கும்பிடுவார்கள். இன்றும் நெற்றியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“உட்காருங்கம்மா, உட்காருங்க. நாம எல்லாரும் ஒரே குடும்பம்,” என்று ஆரம்பித்தார். குரலில் தேன். “மத்தியானம் வர்றவங்க யாரு தெரியுமா? இந்த விடுதி மலையைக் காப்பாத்துதான்னு பார்த்துச் சான்றிதழ் குடுக்கறவங்க. அது கிடைச்சாத்தான் வெளிநாட்டு ஆளுங்க வருவாங்க. உங்க வயித்துக்கும் அதான் சோறு. அப்படியிருக்க, மாட்டின துண்டை யாரோ எடுத்துத் தரையில போட்டு, துவைச்சதாக் கணக்குக் காட்டியிருக்கீங்க. யாரு?”

தொட்டியில் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

“நான் கோவிச்சுக்க மாட்டேன். ஒரு பேரைச் சொல்லுங்க. அவங்க மட்டும் போகட்டும். மத்தவங்களுக்கு ஒரு குறையும் வராது.”

“சொல்லலைன்னா?” என்றாள் ரேடியோ.

“சொல்லலைன்னா அஞ்சு பேரும் கூட்டுன்னு அர்த்தம். இந்த மாசத் துணிக்கூலி அஞ்சு பேருக்கும் கிடையாது.” தேன் கொஞ்சம் வற்றியது. “தண்ணிய வீணாக்கறது பாவம்மா. இது உங்க மலை. உங்களுக்கு அந்த அக்கறை வேண்டாமா?”

“மேல புதுசா வெந்நீர்க் குளம் கட்டியிருக்கீங்களே முதலாளி,” என்றாள் ரேடியோ, முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல். “அதுல விழற தண்ணி எந்த மலைத் தண்ணி?”

மேனேஜர், “ஏய், வாயை மூடு,” என்றார்.

“மூடிடலாம் சார். பழக்கமில்ல, அதான்.”

முதலாளி கைத்தடியால் தரையை ஒருமுறை தட்டினார். “நான் ஆபீஸ்ல இருக்கேன். ஒரு டீ குடிக்கற நேரம். வந்து பேரைச் சொல்லுங்க.”

அவர்கள் போனதும், இடக்கை கையிலிருந்த ஈரத் துண்டைத் துவைகல்லில் வைத்தாள். சேலை முந்தியை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“நான்தான் போட்டேன்,” என்றாள். “நானே போய்ச் சொல்லிடறேன்.”

வாத்து தொட்டியிலிருந்து சடக்கென்று வெளியே வந்தாள்.

“நீயா? நீயாடி? குழாய்ல சொட்டுத் தண்ணி வரலன்னு இடுப்புல ஒண்ணு தலையில ஒண்ணுன்னு பள்ளத்துக்கும் மேட்டுக்கும் நாயா அலைஞ்சேனே, நீ பாத்துக்கிட்டுதான இருந்த? கை கூசல உனக்கு?”

“கூசிச்சு,” என்றாள் இடக்கை. “பாத்ததுக்கப்புறம் தொடல.”

“பாக்கறதுக்கு முன்னாடி?”

இடக்கை தலையைக் குனிந்துகொண்டு அலுவலகத்தின் பக்கம் நடந்தாள். நாலு எட்டு வைத்திருப்பாள்.

“நில்லு,” என்றாள் மூத்தவள்.

மழைநாளுக்குப் பிறகு அவள் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“அவ யாருக்காகப் போட்டான்னு கேளுங்க. எனக்காகப் போட்டா. என் மூட்டையில செருகினா. தெரியாதுன்னு நெனச்சியா?” இடக்கையைப் பார்த்துக் கேட்டாள். “கொக்கில தொங்கின துண்டுக்கு நடுவுல மூக்கு மாதிரி ஒரு முனை நிக்கும். தரையில கிடந்த துண்டுக்கு அது ஏது? முத நாளே கையில தட்டுப்பட்டுச்சு. தெரிஞ்சும் துவைச்சேன். அப்போ நானும்தான் கள்ளி.”

இடக்கை அந்த நாலு எட்டும் திரும்பி வந்தாள்.

“ஏன்க்கா சொல்லல?”

“நீ ஏன்டி கேக்கல?”

நடுவில் புகுந்தாள் ரேடியோ.

“சரி, இவ போய்ச் சொல்றா. இவளை அனுப்பிடுவாங்க. அப்புறம்? துண்டு அதே கொக்கில தொங்கும், நம்ம கூலியும் அதே கொக்கில தொங்கும். அடுத்த மாசம் வாத்து போடுவா, அதுக்கடுத்த மாசம் நான் போடுவேன். வயிறு போடச் சொல்லும்.”

“நான் போட மாட்டேன்,” என்றாள் வாத்து வெடுக்கென்று. “எனக்குத் தண்ணி வேணும்.”

“அதத்தான் நானும் கேக்கறேன்,” என்றாள் மூத்தவள். “துண்டு மாட்டினா தண்ணி மிஞ்சும்னு அட்டையில போட்டிருக்கு. மாட்டறாங்க. நம்ம கூலி பாதியாப் போச்சு. அப்போ மிஞ்சின தண்ணி எங்க? உன் வீட்டுக் குழாய்க்கு வந்துச்சா? இவ போட்ட துண்டுக்கு அந்தத் தொட்டியில கொஞ்சம் போயிருக்கும், இல்லைன்னு சொல்லல. மிச்சமெல்லாம் மேல போய்ப் பாரு. நீலக் கல்லு பதிச்ச குளத்துல வழிய வழிய நிக்குது.”

வாத்து கழுத்தை நிமிர்த்தி மேல்தளத்தைப் பார்த்தாள். அங்கே ஒரு குழாய் கொட்டிக்கொண்டே இருந்தது. முற்றத்திலிருந்து பார்த்தாலே தெரியும். தினமும் பார்த்ததுதான். அன்றுதான் பார்த்தாள்.

அவள் இடக்கையின் பக்கம் திரும்பினாள். “உன்மேல கோவம் போயிடுச்சுன்னு நெனச்சுக்காத.”

“நெனைக்கல.”

“நாளைலேர்ந்து ஒரு வாரம், என் வீட்டுக்கு ரெண்டு குடம் நீதான் தூக்கற.”

“தூக்கறேன்.”

“சரி. இப்போ என்ன பண்ணலாம் சொல்லுங்க.”

அந்த நேரத்தில் எல்லோரையும் தூக்கிவாரிப்போட்டது ரேடியோவின் தங்கச்சி. அவள் பேசினாள்.

“பேரைச் சொல்ல வேண்டாம். கூலியச் சொல்லுவோம். துணி கூடினாலும் குறைஞ்சாலும் மாசத்துக்கு இவ்வளவுன்னு கேப்போம். துண்டு தொங்கினா தொங்கட்டும், நமக்கும் நல்லதுதான். வெந்நீர் கேப்போம். குளத்துக்கு முன்னாடி குடியிருப்புக் குழாய்னு கேப்போம்.”

“அடிப்பாவி, இவ்வளவையும் உள்ள வெச்சுக்கிட்டா இத்தனை வருஷம் சும்மா இருந்த?” என்றாள் ரேடியோ.

“நீ எங்க விட்ட?”

முதலாளி டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது, ஐந்து பேரும் துவைகற்களின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். இடக்கைக்குப் பக்கத்துக் கல்லில் மூத்தவள்.

“பேரு?” என்றார்.

“துண்டைத் தரையில போட்டது தப்பு முதலாளி,” என்றாள் மூத்தவள். “எங்களுக்குள்ள பேசி அதத் தீத்துக்கிட்டோம். இனிமே நடக்காது. ஆனா துவைச்சது தப்பில்ல. துவைச்ச கூலி வேணும்.”

“பேரைக் கேட்டேன்.”

“பேரு கிடையாது. மாசச் சம்பளம் வேணும். அதுவரைக்கும் விரிப்பு எதுவும் கட்டிலுக்கு வராது.”

“மெரட்டறியா நீ?” ‘நீங்க’ எப்போதோ ஜீப்பில் ஏறிப் போயிருந்தது. “துணி குறைஞ்சா வேலை குறையுது. குறைஞ்ச வேலைக்கு எதுக்கு முழுச் சம்பளம்?”

இடக்கை எழுந்து நின்றாள்.

“வேலை குறைஞ்சுதுன்னா நேரமும் குறையணும்ல முதலாளி? விடியறதுக்கு முன்னாடி வர்றோம், பொழுது சாயப் போறோம். அந்தச் சோப்புக்கு ரெண்டு மடங்கு அடிக்கிறோம். மலைக்கு வலிக்கக் கூடாதுன்னு போர்டு வெச்சிருக்கீங்க, சந்தோஷம். அந்த வலிய எடுத்து எங்க தோள்ல வெச்சுட்டீங்க. என் வீட்டுக்காரர் கால்ல வெச்சுட்டீங்க.”

முதலாளியின் முகம் சிவந்தது. மேல்தளத்திலிருந்து இரண்டு மூன்று விருந்தாளிகள் எட்டிப் பார்ப்பது அவர் கண்ணில் பட்டது. சிரிப்பை வரவழைத்துக்கொண்டார்.

“ஒரு துணி பிழியறது பெரிய வித்தையா? இவங்க இல்லன்னா விடுதி படுத்துடுமா? யோவ் மேனேஜர், பிடி அந்த முனைய. நாமளே பிழிஞ்சு போடுவோம்.”

சட்டைக் கையை மடித்துவிட்டுத் தொட்டியிலிருந்து ஒரு விரிப்பை இழுத்தார். அதன் கனம் அவரையே இழுத்தது. மேனேஜர் ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்தார். முதலாளி திருகினார். மேனேஜர் எதிரே நின்று முதலாளியின் கையையே பார்த்துக்கொண்டு, அது போகிற பக்கமே தன் கையையும் கொண்டுபோனார். விரிப்பு உருண்டது. ஒரு சொட்டு இறங்கவில்லை.

“அழுத்தித் திருகுய்யா!”

“திருகறேன் சார்!”

இன்னும் வேகமாக உருண்டது.

“மாத்தித் திருகு!”

மேனேஜர் மாற்றினார். அதே நொடியில் முதலாளியும் மாற்றினார். மறுபடி இரண்டு பேரும் ஒரே பக்கம். விரிப்பு அந்தப் பக்கமாக உருண்டு, நழுவி, சேற்றில் தொப்பென்று விழுந்தது. தெறித்த சேறு முதலாளியின் முழங்கால்வரை கோலம் போட்டது.

“அவரு கை முதலாளிக்கு எதிராத் திரும்பவே திரும்பாதுடி,” என்று ரேடியோ காதில் சொல்வதுபோல் ஊருக்கே கேட்கச் சொன்னாள். “திரும்பினாத்தான் பிழிய முடியும்.”

மேலே யாரோ சிரித்தார்கள். சமையல்கட்டு ஜன்னலில் தலைகள் தெரிந்தன.

முதலாளி கையை உதறினார். “மெஷின் கொண்டுவரேன். நாளைக்கே ஜீப்புல ஏத்திக் கொண்டுவரேன். அஞ்சு பேரும் அப்போ எங்க உக்காருவீங்கன்னு பாக்கறேன்.” மேனேஜரைப் பார்த்து, “இவங்களை வெளிய அனுப்பு,” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனார். மேனேஜர் அவர்களையும் பார்த்தார், கதவையும் பார்த்தார், கதவின் பக்கம் போனார்.

சிரித்த வாய்கள் மெல்ல மூடின. மெஷின் வந்தாலும் வரும். எல்லோரும் அதையே நினைத்தார்கள். வாத்துக்குப் பால் கட்டி மார்பு வலித்தது. குழந்தை பசித்து அழும் நேரம். இடக்கைக்கு, வீட்டில் காலை நீட்டிப் படுத்திருக்கும் கணவனின் முகம் வந்து போனது. அவனிடம் என்னவென்று சொல்வது?

தொட்டியில் விரிப்புகள் ஊறிக்கொண்டிருந்தன.

“இப்படியே விட்டா நாறிடும்,” என்றாள் மூத்தவள். கைகள் தாமாகவே சேலையில் துடைத்துக்கொண்டன. “துணி மேல நமக்கென்ன கோவம்.”

“பிழிஞ்சு குடுத்துட்டா அப்புறம் நமக்கென்னக்கா இருக்கு?” என்றாள் ரேடியோ.

“பிழிவோம். குடுக்க மாட்டோம். வாசல்ல காயப்போடுவோம்.”

ஒரு நொடி யாருக்கும் விளங்கவில்லை. பிறகு ரேடியோவின் கண்கள் விரிந்தன. விருந்தாளிகள் ஏறிவரும் படிப்பாதை விடுதி வாசலில் வந்து முடிகிறது. பலகைக்கு இந்தப் பக்கம் ஒரு மரம், அந்தப் பக்கம் ஒரு மரம்.

“கயிறு நான் கொண்டாறேன்,” என்று ஓடினாள் தங்கச்சி.

ரேடியோவும் வாத்தும் ஒரு விரிப்பை எடுத்தார்கள். மூத்தவள், சேற்றில் விழுந்ததை எடுத்து அலசி, ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு, மறுமுனையை நீட்டினாள். இடக்கை அதை வாங்கத் தயங்கினாள்.

“பிடிடி. விருந்தாளி மாதிரி நிக்கற.”

பிடித்தாள். பழக்கத்தில் கை இடப்பக்கம் திரும்பியது. திருப்பிவிட்டோமே என்று அவள் நிறுத்தப் போனாள். அதற்குள் எதிர்முனை இறுகியது. மூத்தவளும் தன் இடப்பக்கமாகத் திருகியிருந்தாள். விரிப்பு முறுக்கேறிக் கல்லாய்க் கெட்டிப்பட்டது. தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டி, வாய்க்காலில் இறங்கி, சரிவைப் பார்த்து ஓடியது.

அவர்கள் கயிறு கட்டி விரிப்புகளைத் தொங்கவிட்டுக்கொண்டிருக்கும்போது, கீழேயிருந்து சுமைக்காரர்கள் ஏறி வந்தார்கள். குழுவுக்கு முன்னால் அவர்களுடைய பெட்டிகள் வருவது வழக்கம். முன்னால் வந்தவன் இடக்கையின் கணவனோடு சேர்ந்து தூக்கினவன். அவள் கணவன் விழுந்த அன்று அவனையே முதுகில் சுமந்து இறங்கினவன். வாசலை மறைத்து வரிசையாய்த் தொங்கும் வெள்ளை விரிப்புகளைப் பார்த்து நின்றான்.

“என்ன அண்ணி இது, கல்யாணமா?”

ரேடியோ சொன்னாள். முழுவதையும் ஒரே மூச்சில் சொன்னாள். அவன் கேட்டான். பின்னால் வந்தவர்களும் நின்று கேட்டார்கள். சுமையோடு நிற்பது கஷ்டம். உட்கார்ந்தால் எழுந்திருப்பது அதைவிடக் கஷ்டம். அதனால் பாதையில் எங்கேயும் அவர்கள் உட்கார்வதில்லை. அவன் ஒருமுறை பலகையைப் பார்த்தான். பிறகு சுமையைத் தாங்கிய நெற்றிப்பட்டையைக் கழற்றி, பெட்டியைக் கயிற்றுக்கு வெளிப்பக்கமே இறக்கிவைத்து, அதன்மேல் உட்கார்ந்தான். ஒவ்வொருவராக இறக்கினார்கள். சமையல்கட்டிலிருந்து யாரோ ஒரு கெட்டில் டீயைக் கொண்டுவந்து வாசல் ஜன்னல் வழியே நீட்டினார்கள். யார் கை என்று தெரியவில்லை. ரேடியோ வாங்கிக்கொண்டாள்.

கீழே வளைவில், குழுவின் பேச்சுச் சத்தம் ஏறி வந்துகொண்டிருந்தது. உள்ளே கட்டில்கள் மொட்டையாய்க் கிடந்தன. ஜீப் கிளம்பிப் போகிற சத்தம் பின்பக்கத்தில் கேட்டது.

இடக்கை கடைசி விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள். பக்கத்தில் மூத்தவள் வெடித்த விரல்களை வாயருகே வைத்து ஊதிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அந்தப் பாக்கி...”

“என்ன பாக்கி? நீ என் மூட்டையில செருகின துண்டையெல்லாம் தினமும் கழிச்சுக்கிட்டேதான் வந்தேன். நீ நிறுத்தின அன்னைக்குத் தீந்துச்சு.”

“அந்தக் கூலி இன்னும் நம்ம கைக்கு வரலையேக்கா.”

“வரலன்னா அது உன் கடன் இல்ல,” என்றாள் மூத்தவள். வளைவில் முதல் தலை தெரிந்தது. அவள் கயிற்றின் முனையை இழுத்து இன்னொரு முடிச்சுப் போட்டாள். “உன்னோடது தீந்துபோச்சு. இனி தரவேண்டியது அவரு.”